உட்கார ஒரு இடம்

(பழைய மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ முப்பது வருஷத்துக்கு மேல் நகராட்சிகளில் இன்ஜினீயராக இருந்தவன். பூங்கா, மைதானம் இதைப் பற்றியெல்லாம் பேசு. இருபது நிமிஷம். அரசியல் வேண்டாம்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் இங்கே வந்து மண்டப வாசலில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்த பிறகு, தயாரித்துக் கொண்டுவந்த பேச்சில் பாதியை மாற்றிவிட்டேன்.

நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரி வாசலுக்கு வெளியே, மதிற்சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிறதே, கல்லூரிக்குச் சொந்தமான அந்த நிலம், அதில் நம் சங்கத்தின் செலவில் ஒரு பூங்கா. நடுவில் நீரூற்று. சுற்றிப் புல்தரை. ரோட்டோரம் முழுக்க ஆறடிக் கிரில் வேலி. ஒரு கேட். கேட்டின் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை. சாயங்காலம் பொதுக்குழுவில் ஒப்புதலுக்கு வருகிறது. வரைந்தவர் விடுதியில் என்னோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர். அன்றைக்கே நம் வகுப்பில் அவர் கைக்கு ஈடாக வரைய ஆள் கிடையாது. இப்போதும் கிடையாது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதே படத்தை நானும் ஒருமுறை வரைந்திருக்கிறேன். கட்டியும் இருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு சிறிய நகராட்சி. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒன்றரை ஏக்கர் காலி இடம். அதைப் பூங்கா ஆக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இளவயது, ஆர்வம். ராத்திரி பகலாக உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டேன். நடுவில் தாமரை வடிவத்தில் நீரூற்று, அதைப் பார்த்தபடி வட்டமாக எட்டு சிமெண்ட் பெஞ்ச், சுற்றிலும் கொரியன் புல், ஓரத்தில் வரிசையாக நெட்டிலிங்க மரம், முள்கம்பி மாதிரி முனை வைத்த இரும்பு வேலி, ஒரே ஒரு வாசல். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

எட்டாவது மாதம் நீரூற்றின் மோட்டார் பழுதாகி நின்றது. ஊருக்கே குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்த கோடைக்காலம். தாமரைக்குத் தண்ணீர் விடு என்று யாரிடம் கேட்பது? தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பிடித்தது. புல் காய்ந்தது. "புல்தரையில் நடக்காதீர்" என்ற பலகை மட்டும் நன்றாக இருந்தது. காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து எட்டு என்று நேரம் போட்டுப் பூட்டினோம். அந்த நேரத்திலும் யாரும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் சீட்டாடுகிறவர்கள் நான்கு பேர் மட்டும் நிரந்தர உறுப்பினர்கள் ஆனார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பூங்காவுக்கு எதிரே ரோட்டின் மறுபக்கத்தில் ஒரு வாய்க்கால் மதகு. அதன் கைப்பிடிச் சுவர் ஒண்ணரை அடி உயரம், முப்பதடி நீளம். மேலே ஒரு கிழட்டுப் புங்கமரம். சாயங்காலமானால் அந்தச் சுவரில் இடம் கிடைக்காது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஸ்கூல் விட்ட பிள்ளைகள், ரிட்டயரான வாத்தியார்கள், சந்தைக்கு வந்து திரும்புகிற பெண்கள் எல்லோரும் அங்கேதான். ஓரத்தில் ஒரு அம்மா கூடையில் சுண்டல் விற்பார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவரிடமே கேட்டேன். "ஏம்மா, எதுத்தாப்புல இவ்வளவு செலவு பண்ணிப் பார்க் கட்டி வச்சிருக்கோம். அங்க போய் உக்காரக் கூடாதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள போய் உக்காந்தா என்னத்தத் தம்பி பாக்குறது? அந்தப் பூவையா? இங்க உக்காந்தா யாரு வாரா, யாரு போறான்னு தெரியுது. பஸ்சு வந்தா தெரியுது. வெயிலும் இல்ல. உங்க பெஞ்சுல நாலு மணிக்கு உக்காந்து பாருங்க, அப்பளம் மாதிரி பொரிஞ்சிருவீங்க."

போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மா சொன்னது சரி. கட்டியவனாகிய நான் அதற்கு முன்னால் ஒருதடவைகூட அந்த பெஞ்சில் நாலு மணிக்கு உட்கார்ந்து பார்த்ததில்லை.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. சுண்டல்காரம்மா சொன்னதையே ஒரு அமெரிக்கர் படம் பிடித்து, எண்ணி, கணக்குப் போட்டு எழுதியிருந்தார். வில்லியம் ஹெச். வைட் என்று பெயர். 1917இல் பிறந்து 1999இல் மறைந்தவர். கட்டடக் கலைஞர் கிடையாது. 'பார்ச்சூன்' பத்திரிகையில் வேலை பார்த்த எழுத்தாளர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

நியூயார்க் நகரம் 1961இல் கட்டட விதியை மாற்றியது. உங்கள் மனையில் பொதுமக்களுக்காக ஒரு சதுர அடி திறந்தவெளி விட்டால், மிக நெருக்கமான பகுதிகளில் 10 சதுர அடிவரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டடக்காரர்கள் விடுவார்களா? வானளாவிய கட்டடம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பிளாசா வந்துவிட்டது. ஆனால் சில பிளாசாக்களில் மத்தியான வேளையில் உட்கார இடமில்லாத கூட்டம். பலவற்றில் ஈ, காக்கை இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? இதுதான் வைட்டின் சந்தேகம்.

1970களின் தொடக்கத்தில் சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்து மாடியில் கேமராவை வைத்து நாள் முழுக்கப் படம் எடுத்தார். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று எண்ணினார். 1980இல் புத்தகமாகவும் படமாகவும் வெளியிட்டார்.

முதலில் அவரும் நம்மைப் போலத்தான் நினைத்தார். வெயில் காரணமாக இருக்கும், இடத்தின் அளவு காரணமாக இருக்கும், வடிவ அழகு காரணமாக இருக்கும் என்று. ஒவ்வொன்றையும் கணக்கோடு ஒப்பிட்டால் ஒத்து வரவில்லை. கடைசியில் ஒத்து வந்தது ஒன்றுதான்: உட்கார எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு ஜனம் உட்காருகிறது. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு வருஷமா என்று சிரிக்காதீர்கள். அவரே அப்படித்தான் தன்னைக் கேலி செய்துகொண்டார். ஆனால் அந்த எளிய விஷயம் அத்தனை பெரிய கட்டடக் கலைஞர்களுக்கும் தெரியாமல் இருந்ததே!

1958இல் கட்டிய சீக்ராம் கட்டடம் மிகவும் பெயர்பெற்றது. வரைந்தவர் மீஸ் வான் டெர் ரோ என்ற மேதை. அதன் முன்னால் இருக்கும் வெளியில் படிகளும் தாழ்வான மேடைச் சுவர்களும் உண்டு. ஜனங்கள் வந்து அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். உட்காருவதற்கென்று அவர் அதைச் செய்யவில்லை. தற்செயலாக உயரம் சரியாக அமைந்துவிட்டது. வைட் அளந்து பார்த்தார். ஒரு அடியிலிருந்து மூன்று அடி உயரத்துக்குள் எந்தச் சுவர் இருந்தாலும் மனிதன் உட்கார்ந்துவிடுவான். அவனைத் தடுக்க வேண்டுமானால் முள் வைக்க வேண்டும். முள் வைத்தவர்களும் உண்டு. அதையும் படம் பிடித்தார்.

அவர் ஆய்வின் பலனாக 1975இல் நியூயார்க் தன் விதியைத் திருத்தியது. 30 சதுர அடி பிளாசாவுக்கு ஒரு அடி நீளம் உட்காருமிடம் கட்டாயம் என்று எழுதினார்கள். விதிப் புத்தகத்தில் திண்ணை ஏறியது என்று சொல்லலாம்.

திண்ணை! நம் ஆட்களுக்கு இதை நியூயார்க்கிலிருந்து வந்து சொல்ல வேண்டுமா? தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில், வழிப்போக்கன் கேட்காமலே உட்காரலாம் என்று வீட்டுக்காரன் சொந்தச் செலவில் கட்டிவைத்த இடம் அது. ஒண்ணரை அடி, இரண்டடி உயரம். மேலே ஓட்டுத் தாழ்வாரம் கொடுக்கிற நிழல். எதிரே முழுத் தெரு. வைட் தேடிய எல்லாமே அதில் இருந்தது. நாம் என்ன செய்தோம்? அதை இடித்துக் கிரில் கேட் போட்டு ஸ்கூட்டரை நிறுத்தினோம். நானும் என் அப்பா வீட்டுத் திண்ணையை இடித்தவன்தான்.

அவர் சொன்னதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. நியூயார்க்கில் குளிர்காலத்தில் வெயில் படும் இடம் கிடைத்தால் பெரும்பேறு. நமக்கு நிழல்தான் உயிர். இங்கேதான் நான் செய்த நெட்டிலிங்கப் பாவம் வருகிறது. அந்தக் காலத்தில் பூங்கா என்றால் நெட்டிலிங்கம், ஆபீஸ் என்றால் நெட்டிலிங்கம். விளக்குக் கம்பம் மாதிரி நேராக வளரும். படத்தில் வரைய அழகாக இருக்கும். அதன் கீழே ஒரு கோழிக்குஞ்சு ஒதுங்க முடியாது. வேம்பு, புங்கன், பூவரசு, அரசு என்று குடை பிடிக்கிற மரங்கள் நம்மிடம் எத்தனை! "இலை கொட்டும், குப்பை சேரும்" என்று சொல்லி அவற்றை ஒதுக்கினோம். இலை கொட்டாத மரம் எங்கே நிழல் கொடுத்திருக்கிறது?

அடுத்த விஷயம் ரோடு. ரோட்டுச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தானே பூங்கா என்று நினைக்கிறோம். ஆனால் ஜனங்கள் பெரும்பாலும் உட்கார விரும்புவது நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில். ரோட்டிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிய வேண்டும். யோசிக்காமல் இரண்டு அடி எடுத்து வைத்தால் உள்ளே வந்துவிட வேண்டும். வேலியும் மேடும் புதரும் வந்தால் அந்த இடம் கைவிட்டுப் போகும்.

இதற்கு நல்ல சாட்சி நியூயார்க்கின் பிரையண்ட் பூங்கா. பெரிய பொது நூலகத்துக்குப் பின்னால், நகரின் நட்டநடுவில் இருக்கிறது. 1930களில் அதைத் திருத்தி அமைத்தபோது, சந்தடி தெரியக் கூடாது என்று ரோட்டைவிட உயரத்தில், சுற்றிலும் இரும்பு வேலியும் செடிச்சுவரும் வைத்துக் கட்டினார்கள். வாசல்கள் குறைவு. நல்ல எண்ணம்தான். ஆனால் 1970களில் அது போதைப்பொருள் விற்பவர்களின் கோட்டை ஆகிவிட்டது. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாத இடம் அவர்களுக்குத்தானே வசதி? போலீஸை இன்னும் போடு, வேலியை இன்னும் உயர்த்து என்ற குரல்கள் எழுந்தன. வைட்டிடம் யோசனை கேட்டார்கள். அவர் நேர் எதிராகச் சொன்னார்: திறந்துவிடுங்கள். 1988இல் மூடி வேலை பார்த்து 1992இல் முழுசாகத் திறந்தார்கள். செடிச்சுவரை எடுத்தார்கள், படிகளை அகலப்படுத்தினார்கள், புது வழிகள் திறந்தார்கள், சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்காலிகளை, சங்கிலி போடாமல், இஷ்டம்போல இழுத்துப் போட்டுக்கொள்ளும்படி வைத்தார்கள். இன்று அந்த நகரத்தின் நெரிசலான, பத்திரமான பூங்காக்களில் அது ஒன்று. தினசரி துப்புரவுக்கும் காவலுக்கும் அங்கே தனியாகப் பணமும் ஆளும் போட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நம்ம ஊர்ல நாற்காலியை வெளியே போட்டா சாயங்காலம் எடைக்குப் போட்டுருவான்" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரி, நாற்காலி வேண்டாம். திண்ணையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ஆனால் அந்த முணுமுணுப்பில்தான் விஷயம் இருக்கிறது. "இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்" என்பது நமக்குள் ஊறிப்போன பயம். பூங்கா கட்டும்போது நம் மனதில் முதலில் வருவது, யாரெல்லாம் வரக் கூடாது என்ற பட்டியல். பிச்சைக்காரர் படுத்துவிடுவார், ஆகவே பெஞ்சுக்கு நடுவில் கம்பி வை. காதலர்கள் வருவார்கள், ஆகவே ஏழு மணிக்குப் பூட்டு. கடைக்காரன் வந்துவிடுவான், ஆகவே வேலி போடு. இப்படி ஒவ்வொருவராகத் தடுத்துக்கொண்டே போனால் நல்லவனும் வருவதை நிறுத்திவிடுகிறான். நல்லவன் வராத இடத்துக்கு நாம் பயந்த ஆள் கட்டாயம் வருவான். என் பூங்காவின் சீட்டாட்டக்காரர்கள் அப்படி வந்தவர்கள்தான். எதிரே மதகில் யாரும் சீட்டாடவில்லை. அத்தனை கண்கள் இருக்கும்போது எப்படி ஆடுவது?

அந்தக் கண்களில் பெண்களின் கண்கள் முக்கியம். எங்கே பெண்கள் நிறைய உட்காருகிறார்களோ அந்த இடம் நன்றாக நடக்கிறது என்று வைட் ஓர் அடையாளம் சொன்னார். ஏனென்றால் எங்கே உட்காரலாம் என்று பெண்கள் நாலையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990களில் ஒரு ஆய்வு நடந்தது. ஒன்பது வயது தாண்டியதும் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது, பையன்கள் குறையவில்லை. காரணம் என்ன? பெரிய மைதானம் ஒன்றே ஒன்று. பையன்கள் பந்தோடு வந்து பிடித்துக்கொண்டால் பெண் குழந்தைகள் சண்டை போடாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். பெரிய வெளியைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, வாலிபால், பாட்மிண்டன் ஆட இடம் செய்தார்கள். பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். பையன்களை யாரும் துரத்தவில்லை.

இங்கே இருக்கும் தோழிகளைக் கேட்கிறேன். நாம் படித்த காலத்தில் கல்லூரி விட்டு பஸ் வரும் வரை நீங்கள் எங்கே நின்றீர்கள்? நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் மதிற்சுவரை ஒட்டி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றீர்கள். மூன்று வருஷம் நின்றீர்கள். "உங்களுக்கு உட்கார இடம் இல்லையே" என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. இன்றைக்குத்தான் அதைச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நடக்க முடியாதவர்களுக்கும் இதே கதை. மெரினாவைவிடப் பெரிய திறந்தவெளி நமக்கு ஏது? வேலி இல்லை, கேட் இல்லை, டிக்கெட் இல்லை. ஆனால் சக்கர நாற்காலியில் போகிறவருக்கு அந்த மணலே வேலியாக இருந்தது. 2022 நவம்பரில் கடல் ஓரம்வரை நிரந்தர மரப்பாதை ஒன்று போட்டார்கள். வாழ்நாளில் முதல்முறை அலையை அருகில் பார்த்தவர்கள் அழுததைச் செய்தியில் படித்திருப்பீர்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, மறுபடி சரிசெய்தார்கள். கட்டுவது ஒருநாள் வேலை, காப்பாற்றுவது தினசரி வேலை என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

இன்னொன்று, இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் நான்கு சதுக்கங்கள் உண்டு. 1682இல் வில்லியம் பென் நகரத்தை வகுத்தபோது விட்ட இடங்கள். ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் நான்கின் விதியும் நான்கு விதம். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1961இல் எழுதிய புத்தகத்தில் காரணம் சொன்னார். ஒரு சதுக்கத்தைச் சுற்றி வீடு, கடை, பள்ளி, ஆபீஸ் எல்லாம் கலந்திருந்தன. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். இன்னொன்றைச் சுற்றி ஆபீஸ்கள் மட்டுமே. மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனால் அனாதை. பூங்கா ஜனங்களை இழுக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஜனங்கள் ஏற்கனவே போய்வருகிற வழியில் இருந்தால்தான் பூங்கா பிழைக்கிறது.

இந்த அனுபவம் நம் மாநிலத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அது நிலத்தைத்தான் வாங்கித்தரும். அந்த நிலத்தில் ஒருவர் உட்காருவாரா என்பதை எந்த விதியும் கேட்பதில்லை. மனையில் விற்காத மூலை எதுவோ அது பூங்கா ஆகிறது. அதற்குக் கம்பிவேலி, பூட்டு, பலகை. கொஞ்ச நாளில் முள்செடி.

ஆள் இல்லாத இடம் என்ன ஆகும் தெரியுமா? என் பூங்காவின் கதையை முடித்துவிடுகிறேன். நான் மாறுதலாகிப் போன பின், "சும்மாதானே கிடக்கு" என்று ஒரு பாதியில் குடிநீர்த் தொட்டி கட்டினார்கள். இன்னொரு பாதியில் ஓர் ஆபீஸ் வந்தது. ஊரில் ஒருவர்கூட ஆட்சேபம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அதில் உட்கார்ந்திருந்தால் அல்லவா இழந்தது தெரியும்! அதே ஊரில் ரோட்டை அகலப்படுத்த அந்த மதகுச் சுவரையும் புங்கமரத்தையும் எடுக்கப் போனபோது ஊரே வந்து நின்றது என்று கேள்விப்பட்டேன். மரம் தப்பித்தது. எஸ்டிமேட் போட்டுக் கட்டியது போயிற்று; யாரும் திட்டம் போடாதது நின்றது.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். நேற்று சாயங்காலமே ஊருக்கு வந்துவிட்டேன். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, வைட் மாதிரியே, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடைத் தம்பி நாலாவது டீயைக் கொடுக்கும்போது "யாருக்காக சார் வெயிட்டிங்?" என்று கேட்டுவிட்டான்.

அந்த நிலத்தில் நாம் படித்த காலத்துத் தூங்குமூஞ்சி மரம் இன்னும் நிற்கிறது. அதன் வேர்மேல் ஏழெட்டு மாணவிகள், நோட்டைக் கீழே போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதிற்சுவரின் அடியில் அரையடி துருத்திக்கொண்டிருக்கும் கடைக்காலில் வரிசையாகப் பையன்கள். எதிர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி மருந்துப் பையை மடியில் வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பூக்காரம்மா, வெள்ளரிக்காய் வண்டி. காலையில் கல்லூரி, பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் பஸ், இரவில் டீக்கடை. பிலடெல்பியாக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். பூங்காவுக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஏற்கனவே இருக்கிறது. இல்லாதது உட்கார ஒரு இடம் மட்டும்தான்.

வாசலில் இருக்கும் படத்தில் இவர்களில் ஒருவருக்கும் இடம் இல்லை. அந்த மரம் இருக்கும் இடத்தில்தான் நீரூற்று வருகிறது. நண்பா, கோபித்துக்கொள்ளாதே. நான் செய்த அதே தவறை, என்னைவிட அழகாக, நீ செய்திருக்கிறாய்.

பொதுக்குழுவுக்கு என் விண்ணப்பம் இதுதான். நீரூற்று வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாயும், பெண்களுக்கும் ஆண்களுக்கும் சுத்தமான கழிப்பறையும், அதைக் கழுவ ஓர் ஆளுக்கு மாதச் சம்பளத்துக்கு வைப்புநிதியும் போடுவோம். கிரில் வேண்டாம், ரோட்டோரம் முழுவதும் திறந்திருக்கட்டும், வண்டி ஏறாமல் குட்டைக் கல் மட்டும் நடுவோம், நடுவில் சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி விட்டு. மரத்தைச் சுற்றி ஒண்ணரை அடி உயரத்தில் அகலமான திண்ணை. மதிற்சுவரை ஒட்டி நீளமாக இன்னொரு திண்ணை; அதில் பாதிக்காவது, முதுகு வலிக்கும் என் வயதுக்காரர்களுக்காக, சாய்மானமும் எழுந்திருக்கக் கைப்பிடியும். வேரை வெட்டாமல், மரத்தடி முழுக்கச் சிமெண்ட் பூசாமல். இரவுக்கு நல்ல விளக்கு. பூக்காரம்மாவையும் வெள்ளரிக்காய் வண்டியையும் துரத்த வேண்டாம். அவர்களுக்கு ஒரு மூலை குறித்துக்கொடுப்போம். ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக நிற்கும் மாணவிக்குப் பூக்காரம்மா பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய காவல் எது?

"பெயர்ப் பலகை எங்கே?" என்று கேட்பீர்கள். திண்ணைக் கல்லிலேயே, பக்கவாட்டில், சின்ன எழுத்தில் செதுக்கிக்கொள்வோம். என் பங்கு நன்கொடையை நான் இரட்டிப்பாகத் தருகிறேன், ஒரே நிபந்தனையில்: என் பெயர் வேண்டாம். அந்தச் சுண்டல்காரம்மாவின் பெயரைக் கடைசிவரை கேட்காமலே விட்டவன் நான். என் பெயரை மட்டும் எப்படிப் போட்டுக்கொள்வது?

படத்தை மாற்றி வரைய வேண்டியவர் என் அறைத் தோழர்தான். அவர் கையை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கூட்டம் முடிந்து சாப்பாடு ஆனதும், பொதுக்குழு கூடுவதற்கு முன்னால், நாலு மணிக்கு என்னோடு வாசலுக்கு வா. அந்த வேர்மேல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உட்காருவோம். டீ நான் சொல்கிறேன்.